கடல்நீரில் இரண்டு வகை அமிலம்: குடுவைகளில் செய்து பார்த்தது

காற்று மாசு கடல்நீரை அமிலமாக்குகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் புகைபோக்கியிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு வாயு இல்லை. கார்பன் டை ஆக்சைடு வருகிறது, கூடவே சல்ஃபர் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வருகின்றன, போதாததற்கு உரமிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் அமோனியா கிளம்புகிறது. இவை எல்லாம் கரையோரக் கடல்நீரில் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா, இல்லை ஒவ்வொன்றும் வேறு தடத்தை விட்டுப்போகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிஎச் மீட்டர் (பிஎச் என்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 7 நடுநிலை, அமிலம் கூடினால் எண் இறங்கும்), மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, அளவு தெரிந்த நீர்த்த அமிலம், மூடியுள்ள கண்ணாடிக் குடுவைகள், இவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் வேதியியல், ஏனென்றால் இது இல்லாமல் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. திறந்த கடலின் மேற்பரப்பு பிஎச் தொழிற்புரட்சிக்கு முன் 8.2-ஐ ஒட்டி இருந்தது, இப்போது சுமார் 8.1. வெறும் 0.1 தானே என்று தோன்றும், ஆனால் பிஎச் ஒரு மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கும் மேல் கூடியிருக்கின்றன என்று பொருள். நீர் இன்னமும் காரப் பக்கத்தில்தான் இருக்கிறது, 7-க்குக் கீழே எங்கும் போய்விடவில்லை. இந்த வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) இருந்தது 420-ஐத் தாண்டிவிட்டது, மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றுவதில் ஏறக்குறைய கால்பங்கு கடலுக்குள் போகிறது.

கடல்நீரிடம் ஒரு கையிருப்பு உண்டு. பைகார்பனேட், கார்பனேட், கொஞ்சம் போரேட் ஆகியவை சேர்ந்து, வரும் அமிலத்தை வாங்கிக்கொள்ளும் திறன் அது. ஆல்கலினிட்டி என்று சொல்வார்கள். சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 2300 மைக்ரோமோல் (மோல் என்பது வேதிப்பொருளின் அளவைச் சொல்லும் அலகு, மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பிஎச் என்பது இந்த நிமிடத்து நிலைமை, ஆல்கலினிட்டி என்பது இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. இரண்டையும் அளக்காமல் பிஎச்சை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். முழுச் சோதனையும் இதைச் சுற்றித்தான்.

நீர் எடுப்பது. ஆற்றுமுகத்துவாரத்துக்கும் கழிவுநீர் வாய்க்கால்களுக்கும் தள்ளி, முழங்கால் ஆழத்துக்குக் கீழிருந்து, பாட்டிலை நீருக்குள்ளேயே திறந்து, உள்ளே காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே மூட வேண்டும். மேலே காற்று இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அங்கும் இங்கும் போய்வரும். அப்புறம் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் வைத்துக் கொண்டுவந்து, உடனே நுண்துளை வடிதாளில் வடிகட்டிவிட்டேன். ஆய்வகங்களில் மாதிரி கெடாமலிருக்க மெர்குரிக் குளோரைடு சேர்ப்பார்கள், அது கடும் விஷம், வீட்டுப் பக்கமே வரக்கூடாத பொருள். அதற்குப் பதில் சீக்கிரம் அளந்துவிடுவதுதான் வழி. வடிகட்டாமல் வெளிச்சத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் பாசி கார்பன் டை ஆக்சைடைத் தின்று பிஎச்சை மேலே தூக்கிவிடும், இருட்டில் வைத்தால் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே அதைக் கீழே இறக்கிவிடும். நாம் அளக்க வந்த விஷயமே அடியில் போய்விடும்.

மீட்டர் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தகராறு முழுக்க அங்கேதான். ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் சொச்சம், அதாவது நாம் தேடும் 0.1 மாற்றம் வெறும் 6 மில்லிவோல்ட். மலிவான மீட்டர்களின் பிழை 0.05 வரைகூடப் போகும், ஆகவே 0.01 வரை எண் காட்டுகிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அளவுத்திருத்தம் பிஎச் 7, 10 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்கள்) செய்ய வேண்டும், பின்னால் டைட்ரேஷன் (அளவு தெரிந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆல்கலினிட்டியை அளப்பது) செய்யும்போது 4-ம் வேண்டும். 10 பஃபர் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கித் தானே இறங்கிவிடும், எனவே ஊற்றியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள்.

இன்னொரு சிக்கல், இந்த பஃபர்கள் எல்லாம் உப்புக் குறைந்த கரைசல்கள், கடல்நீர் உப்பு மிகுந்தது. எலக்ட்ரோடு (மீட்டரில் நீருக்குள் அமிழ்த்தும் முனை) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனவுடன் எண் அலைபாயும். அளவுத்திருத்தம் முடிந்ததும் எலக்ட்ரோடைக் கொஞ்ச நேரம் வேறு கடல்நீரில் ஊறப்போட்டுவிட்டு, எண் நிலைத்தபின் மாதிரியில் வைத்தால் அலைச்சல் வெகுவாகக் குறைகிறது. சாதாரண பஃபரை வைத்துக் கிடைக்கும் எண், கடல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘மொத்த அளவுகோல்’ (total scale) என்ற பிஎச் அளவுமுறையின் எண்ணைவிட 0.1-க்கும் சற்று அதிகமாக இருக்கும். அவர்கள் செயற்கைக் கடல்நீரில் கரைத்த ட்ரிஸ் பஃபரை வைத்துத் திருத்துவார்கள், அதன் மதிப்பு 25 டிகிரியில் 8.09. எனக்கு ஒரு குடுவைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம் என்பதால் சாதாரண பஃபரே போதுமானதாக இருந்தது. யாராவது தங்கள் கடற்கரை எண்ணை ஆய்வுக்கட்டுரை எண்ணோடு ஒப்பிட்டுப் பதறினால், முதலில் எந்த அளவுகோல் என்று கேளுங்கள்.

நடுவில் மீட்டர் ரொம்ப மந்தமாகிவிட்டது. எண் நிற்கவே பல நிமிடம் ஆனது. எலக்ட்ரோடின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பீங்கான் சந்தியில் உப்புப் படிந்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கழுவி, ஓரிரவு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவிட்டதும் பழைய வேகம் திரும்பியது. காய்ச்சி வடித்த நீரில் மட்டும் ஊறப்போட வேண்டாம், உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்து எலக்ட்ரோடே வீணாகும். வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். மூடிய மாதிரியில் ஒரு டிகிரி சூடு ஏறினால் பிஎச் சுமார் 0.015 இறங்கும், மீட்டரில் இருக்கும் தானியங்கி வெப்பத் திருத்தம் எலக்ட்ரோடின் சரிவை மட்டுமே சரிசெய்கிறது, நீரின் வேதியியலை இல்லை. ஆகவே எல்லாக் குடுவைகளையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தபிறகுதான் அளந்தேன்.

சரி, குடுவைகளுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கடல்நீர்.

முதல் குடுவை ஒப்பீட்டுக்கு: வெளிக்காற்றை மட்டும் குமிழிவிட்டது. இரண்டாவதற்கு ஆட்கள் இருக்கும் மூடிய அறையின் காற்று, கார்பன் டை ஆக்சைடு மீட்டர் 1000 பிபிஎம்மை ஒட்டிக் காட்டிய காற்று. மூன்றாவதில் 0.1 நார்மல் சல்ஃபூரிக் அமிலம் 1 மில்லிலிட்டர், நான்காவதில் அதே வலிமையில் நைட்ரிக் அமிலம் 1 மில்லிலிட்டர். புகையிலிருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு காற்றிலும் நீரிலும் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கடைசியில் சல்ஃபூரிக் அமிலமாகத்தான் முடிகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாக. அதனால் வாயுவோடு விளையாடாமல் நேரே முடிவுப் பொருளைச் சேர்ப்பது பாதுகாப்பு, அளவும் துல்லியம். நீர்த்ததாக இருந்தாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது.

1 மில்லிலிட்டர் என்பது எவ்வளவு பெரிய அளவு? லிட்டருக்கு 100 மைக்ரோமோல் ஹைட்ரஜன் அயனி. இதையே காய்ச்சி வடித்த நீரில் விட்டால் பிஎச் 4-க்குப் போய்விடும், கடுமையான அமில மழையின் பிஎச் அதுதான். (மாசில்லாத மழையே 5.6 தான், கார்பன் டை ஆக்சைடால்.) பிஎச் 4 உள்ள மழை ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் பெய்து, பத்து மீட்டர் ஆழக் கடலில் முழுக்கக் கலந்தால் லிட்டருக்கு 10 மைக்ரோமோல்தான் சேரும். ஆக, நான் போட்டது அப்படிப்பட்ட மோசமான மழையின் பத்தாண்டுக் குவியல், அதுவும் நீர் இடம் மாறாமல் அங்கேயே நின்றால். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிதாக்கிய அளவு இது, கடலில் நாளை நடக்கப்போவது இல்லை.

அமிலம் விட்டதும் குடுவையைக் காற்றில்லாமல் மூடி, மெல்லக் குலுக்கி அளந்தால், இரண்டு அமிலக் குடுவைகளிலும் பிஎச் 0.15-க்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. வடித்த நீரை 4-க்குத் தள்ளிய அதே துளி, கடல்நீரை அவ்வளவுதான் அசைக்கிறது. கார்பனேட்டுக் கையிருப்பின் வேலை அது. சல்ஃபூரிக்கா நைட்ரிக்கா என்பதில் பிஎச் அளவில் வித்தியாசம் தெரியவில்லை, தெரியவும் கூடாது, ஏனெனில் விட்ட ஹைட்ரஜன் அயனியின் அளவு ஒன்றுதான்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். மூடியைத் திறந்து வெளிக்காற்றைக் குமிழிவிட ஆரம்பித்தேன். ஓரிரவு ஓடியபின் பார்த்தால் இறங்கியிருந்த பிஎச் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது! ஒப்பீட்டுக் குடுவைக்கும் அமிலக் குடுவைகளுக்கும் இடையே 0.02 வித்தியாசம்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அது மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கே போயிற்று அமிலம்? சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்து வாயு போகிறதே, அதேதான் இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்திருக்கிறது. வலுவான அமிலம் பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது, நீரில் அதன் அழுத்தம் காற்றில் இருப்பதைவிட ஏறுகிறது, குமிழி அதை வெளியே கொண்டுபோகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 மைக்ரோமோல் அமிலத்துக்குச் சுமார் 80 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடு நீரைவிட்டுக் காற்றுக்குப் போயிருக்க வேண்டும். அதாவது அமில மழை கடலிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியே துரத்துகிறது. முதல் தடவை இது புரிந்தபோது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

அறைக்காற்றுக் குடுவை வேறு கதை. அங்கே பிஎச் 0.3-க்கும் கொஞ்சம் அதிகமாக இறங்கி, அறையில் ஆட்கள் இருக்கும்வரை அப்படியே நின்றது. ஜன்னலைத் திறந்து காற்று மாறியதும் மெல்ல ஏறியது. இந்தக் குடுவைக்குப் பக்கத்தில் நின்று அளக்கும்போது மூச்சை வேறு பக்கம் விட வேண்டியிருக்கிறது, நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம்.

பிஎச்சை மட்டும் பார்த்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்? கார்பன் டை ஆக்சைடுதான் குற்றவாளி, கந்தகமும் நைட்ரஜனும் ஒன்றும் செய்யவில்லை என்று. ஆல்கலினிட்டியை அளந்தால்தான் மறுபக்கம் தெரிகிறது.

ஆல்கலினிட்டி டைட்ரேஷனுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இந்த வேலைக்கு ஆகாது. 100 மில்லிலிட்டர் கடல்நீருக்கு மொத்தமே 2.4 மில்லிலிட்டர்தான் செலவாகும், நாம் தேடும் வித்தியாசம் அதில் 0.1 மில்லிலிட்டர், இரண்டு துளி. அமிலத்தை 0.02 மோலாருக்கு நீர்த்துக்கொண்டால் 11.8 மில்லிலிட்டர் செலவாகிறது, வித்தியாசமும் 0.5 மில்லிலிட்டராக விரிகிறது. ப்யூரெட்டைவிட (கோடு போட்ட, அடியில் திருகுள்ள அளவுக் குழாய்) எனக்கு எளிதாக இருந்தது ஊசியில்லாத சிரிஞ்சில் அமிலத்தை நிரப்பி, ஒவ்வொரு தடவை விட்டபின்பும் சிரிஞ்சைத் தராசில் நிறுத்துவது. 0.01 கிராம் தராசு 0.01 மில்லிலிட்டரைக் காட்டிக்கொடுக்கிறது, கண்ணால் கோடு பார்க்கும் தொல்லை இல்லை. பிஎச் 4.5-ஐ நெருங்கும்போது சின்னச் சின்ன அளவாக விட்டு, ஒவ்வொரு அளவுக்கும் பிஎச் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிக்கொண்டே போனால், எங்கே சரிவு மிகச் செங்குத்தாக இருக்கிறதோ அதுதான் முடிவுப் புள்ளி, கடல்நீருக்கு 4.3 முதல் 4.5 வரை வரும். டைட்ரேஷன் நடக்கும்போது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு தங்கிவிட்டால் புள்ளி மழுங்கும்.

கிடைத்த விடை: ஒப்பீட்டுக் குடுவையும் அறைக்காற்றுக் குடுவையும் ஒரே அளவு அமிலத்தைக் குடித்தன. பிஎச்சில் 0.3 வித்தியாசம் இருந்தும் ஆல்கலினிட்டி துளியும் குறையவில்லை, ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு கரையும்போது உண்டாகும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனிக்கும் ஒரு பைகார்பனேட்டும் உண்டாகிறது, வரவும் செலவும் சரிக்குச் சரி. அமிலக் குடுவைகளோ அரை மில்லிலிட்டர் குறைவாகவே குடித்தன. பிஎச் குணமாகிவிட்டது போலத் தெரிந்தாலும் கையிருப்பில் 4 சதவீதம் காலி. கார்பனேட் அயனியும் அதோடு குறைகிறது, கணக்குப்படி 7 சதவீதம் சொச்சம். சிப்பியும் பவளமும் ஓடு கட்ட எடுத்துக்கொள்வது அதைத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, முக்கியமாகச் சொல்ல வேண்டியது. ஓரிரவு குமிழிவிட்டால் நீர் ஆவியாகும். 2 சதவீதம் ஆவியானாலே மீதி நீர் அந்த அளவுக்குச் செறிவாகி, நாம் தேடும் 4 சதவீத இழப்பில் பாதியை மறைத்துவிடும். எனவே பம்ப்பிலிருந்து வரும் காற்றை முதலில் ஒரு பாட்டில் வடித்த நீர் வழியாக விட்டு ஈரமாக்கி, அப்புறம் குடுவைக்குள் விட வேண்டும். குடுவையை முன்னும் பின்னும் எடைபோட்டு, குறைந்ததை வடித்த நீரால் ஈடுகட்டிவிட்டுத்தான் டைட்ரேஷன்.

குடுவையில் ஓரிரவில் முடிந்தது கடலில் அவ்வளவு சீக்கிரம் முடியாது. மேற்பரப்புக் கலவை அடுக்கு காற்றோடு கார்பன் டை ஆக்சைடைச் சமன்செய்துகொள்ளப் பல மாதங்கள், ஒரு வருடம் வரைகூட ஆகும். கரையோர நீர் அதற்குள் வேறெங்கோ போயிருக்கும். அதனால் கந்தக, நைட்ரஜன் அமிலம் விழுந்த இடத்தில் பிஎச் வீழ்ச்சி பாதி ஆறிய நிலையிலேயே கொஞ்ச காலம் நிற்கும். 2007-இல் கடல் ஆய்வாளர் ஸ்காட் டோனியும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு இதைத்தான் உலக அளவில் போட்டுப் பார்த்தது: உலகக் கடல் முழுவதையும் எடுத்தால் இந்த அமிலங்களின் பங்கு கார்பன் டை ஆக்சைடு விளைவில் சில சதவீதம்தான், ஆனால் பெரிய மாசு மூலங்களுக்கு அருகிலுள்ள கரையோரங்களிலும் விளிம்புக் கடல்களிலும் 10 முதல் 50 சதவீதம் வரையோ அதற்கு மேலோ போகலாம். கார்பன் டை ஆக்சைடு உலகம் முழுக்கக் கலந்துவிடும், கந்தகமும் நைட்ரஜனும் சில நாட்களிலேயே பக்கத்தில் விழுந்துவிடும் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

கார்பன் டை ஆக்சைடுக்கும்கூடக் கரையோரத்தில் உள்ளூர்க் கணக்கு உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் மிதவைக் கருவிகளை வைத்து அளந்து 2019-இல் வெளியான ஆய்வில், விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று நகரத்தின் கார்பன் டை ஆக்சைடைக் கடல்மேல் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. என் அறைக்காற்றுக் குடுவை அதன் மிகைப்படுத்திய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் விஷயமும் இங்கேயே வருகிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஸ்க்ரப்பர் பொருத்திக்கொண்டால் பழைய எரிபொருளையே எரிக்கலாம். திறந்த வகை ஸ்க்ரப்பர் என்ன செய்கிறது? புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த அமில நீரைத் திரும்பக் கடலிலேயே விடுகிறது. காற்றில் போக வேண்டிய கந்தகம் நேரே நீருக்குப் போகிறது, அதை நடுநிலையாக்குவது என் மூன்றாவது குடுவையில் குறைந்த அதே ஆல்கலினிட்டிதான். திறந்த கடலில் இது கரைந்து காணாமல் போகும், நெருக்கடியான துறைமுகத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பல துறைமுகங்கள் இதைத் தடைசெய்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அமோனியாவை வடிகட்டாத நீரில் தனியாகச் செய்தேன், ஏனென்றால் அதற்கு உயிர் வேண்டும். அம்மோனியம் குளோரைடு லிட்டருக்கு 50 மைக்ரோமோல் போட்டவுடன் பிஎச்சில் ஒன்றும் தெரியாது. உப்புநீர் மீன்தொட்டியில் பழகிய வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டை உள்ளே போட்டு, இருட்டில் குமிழிவிட்டுக்கொண்டே இருந்தால், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒரு அம்மோனியத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் அயனி வீதம் வெளியிடுகின்றன. அம்மோனியம் சோதனைத்துளி நிறம் காட்டாமல் போனபின் டைட்ரேஷன் செய்தால் இழப்பு மூன்றாவது குடுவையின் இழப்பை ஒட்டி வந்தது. மீன் வளர்ப்பவர்களுக்கு இது பழைய செய்தி, தொட்டியில் கேஎச் (ஆல்கலினிட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்) குறைந்துகொண்டே போகிறது என்று அவர்கள் புலம்புவது இதைத்தான். காற்றிலிருந்து அமோனியா வாயுவாகவே வந்தால் கரையும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியை முதலில் வாங்கிக்கொள்கிறது, ஆகவே நிகர இழப்பு ஒன்றுதான்.

நைட்ரிக் அமிலக் குடுவையில் இதற்கு நேர்மாறு. வெளிச்சத்தில் பாசியோடு வைத்தால் பாசி நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும்போது ஆல்கலினிட்டி திரும்பக் கூடும், அமிலத்தின் தடம் ஏறக்குறைய அழிந்துபோகும். சல்ஃபேட்டை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, கடல்நீரில் ஏற்கெனவே அது ஏராளம். ஆனால் நைட்ரேட்டில் கொழுத்த பாசி செத்து அடியில் போய் அழுகும்போது அங்கே ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. வடக்கு மெக்சிகோ வளைகுடாவில் மேற்பரப்புக்குக் கீழுள்ள நீரில் இந்த வகை அமிலமாதலை வெய்-ஜுன் காய் குழுவினர் 2011-இல் காட்டினார்கள், அங்கே நைட்ரஜன் பெரும்பாலும் ஆற்று வழியாக வந்தது. குடுவையில் இதைக் காட்ட ஆழம் போதாது, நான் முயலவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: நீர் எடுத்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பாசி மிகுந்த கரையில் விடியற்காலைக்கும் மாலைக்கும் பிஎச் 0.3 வரை சாதாரணமாக ஊசலாடும், எல்லாக் குடுவைகளுக்கும் ஒரே தடவை எடுத்த நீரையே பிரித்து ஊற்றாவிட்டால் நீங்கள் அளப்பது காற்றை இல்லை, பாசியின் மூச்சை. உப்பளவையும் வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமிலத்துக்கும் இரண்டு குடுவை வையுங்கள், ஒன்றை மூடியே வைத்திருந்து மற்றதை மட்டும் குமிழிவிடுங்கள், இரண்டிலும் ஆல்கலினிட்டி ஒன்றாகவும் பிஎச் வேறாகவும் வந்தால் அளவீடு சரியாக நடக்கிறது.